அவுகதான் ஓட்டுவாக

என் வீட்டுக்காரர் அழகுராஜா இருபத்தெட்டு வருடம் கப்பலில் வேலை பார்த்தவர். அதைச் சொன்னாலே ஊரில் எல்லாரும் அவருக்குக் கடல் முழுக்க அத்துப்படி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் இருந்தது கப்பலின் அடிவயிற்றில், இன்ஜின் அறையில். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. இளப்பமாகச் சொல்லவில்லை. பின்னால் நடந்ததற்கு இது தேவைப்படும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் செல்லக்கிளி. வில்லாபுரத்தில் வீடு. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் வருடத்தில் ஒன்பது மாதம் கடலில் இருப்பார், நான் பன்னிரண்டு மாதமும் கரையில். மகள் பிறந்தபோது அவர் பிரேசிலில் இருந்தார். அவளுடைய காதுகுத்து, சடங்கு, பத்தாம் வகுப்புப் பரீட்சை எல்லாவற்றுக்கும் வேறு வேறு துறைமுகத்திலிருந்து போன் வந்தது. ஒரு தடவை லீவில் வந்திருந்தபோது கேட்டேன்.

"அப்படி என்னதாங்க இருக்கு அந்தக் கடல்ல? நானும் ஒருநா வந்து பாக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. "ரிட்டயர் ஆனதும் ஒரு பாய்மரப் படகு வாங்குவோம் கிளி. நீ பாக்க வர வேணாம். ரெண்டு பேரும் ஓட்டுவோம்" என்றார்.

அந்த 'ரெண்டு பேரும்' என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டுதான் நான் பதினொரு வருடத்தைத் தள்ளினேன்.

சொன்ன சொல்லை அவர் மறக்கவில்லை. ஓய்வு பெற்று வந்த மாதமே கொச்சியில் பாய்மரப் படகு கற்றுக்கொடுக்கும் இடத்தில் இரண்டு பேர் பெயரையும் பதிந்தார். இரண்டு வாரம். அங்கே எனக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. அவருக்கு வராதது எனக்கு வந்தது. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாது, சாய்வாக ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபக்கம் சாய்வாகப் போய், வளைந்து வளைந்துதான் முன்னேற வேண்டும். எனக்கு அது முப்பது வருடம் கரும்பலகையில் போட்ட கோணக் கணக்கு. அவருக்கோ, விசையை அழுத்தினால் போக வேண்டிய இடத்துக்குப் போகாத ஒரு வண்டி. கோபம் கோபமாக வந்தது அவருக்கு. ஆனாலும் விடாமல் கற்றுக்கொண்டார். அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஊருக்கு வரும்போது பதினோரு அடியில் ஒரு பழைய சின்னப் படகை டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தோம். அந்த வருடம் நல்ல மழை, கீழக்குயில்குடிப் பக்கம் கண்மாய் நிறைந்து கிடந்தது. காலையில் போய் அதில் பழகுவோம். கடலில் ஒருவர் தவறி விழுந்தால் படகைத் திருப்பிக்கொண்டு வந்து அவரை எடுக்க வேண்டும், அதற்கான பயிற்சிதான் முக்கியம். விழுந்தவருடைய தலை தண்ணீரில் ஒரு தேங்காய் அளவுக்குத்தான் தெரியும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நாங்களும் உரிக்காத தேங்காய் ஒன்றில் சிவப்புத் துணியைச் சுற்றி, ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரில் வீச, மற்றவர் போய் எடுப்போம். விழுந்தவர் மேலிருந்து கண்ணை எடுக்கவே கூடாது, அதுதான் முதல் பாடம். ஆடு மேய்க்க வந்த ராமக்காள் மூன்று நாள் கரையில் நின்று பார்த்துவிட்டு, நான்காம் நாள் கேட்டாள்.

"யாருக்குத் தாயி திருஷ்டி கழிப்பு கழிக்கிறீக? கழிச்சத தண்ணியில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போகணும். நீங்க என்னமோ விட்டு விட்டு எடுக்குறீக."

பன்னிரண்டு தடவையில் பதினொரு தடவை நான் தேங்காயை எடுத்தேன். அவர் ஏழு.

படகு வாங்குவதற்கு அவர் ஒரு விதி வைத்தார். இரண்டே பேராகக் கடலுக்குப் போகிறோம். ஒருவர் செத்துப்போனாலும் மற்றவர் தனியாகப் படகைக் கரை சேர்க்க முடிய வேண்டும். முடியாத படகை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஒவ்வொரு படகைப் பார்க்கப் போகும்போதும் அதற்கு இரண்டு நாள் ஒதுக்கினோம். ஒரு நாள் அவர் பிணம், ஒரு நாள் நான் பிணம். பிணம் பேசாது, கை நீட்டாது, கண்ணைக் கூடக் காட்டாது. மற்றவர் தனியாகப் பாயை ஏற்றி, காற்று கூடினால் பாதியாகச் சுருக்கி, நங்கூரம் போட்டு, எடுத்து, திரும்பக் கொண்டுவந்து துறையில் கட்ட வேண்டும். 'ஒருத்தர் செத்த நாள்' என்று அதற்குப் பெயர் வைத்தோம். என்னை நம்பி ஒரு மனுஷன் பிணமாகக் கிடக்கச் சம்மதிக்கிறார் என்பதை விடப் பெரிய மரியாதையை நான் கல்யாண வாழ்க்கையில் கண்டதில்லை.

கொச்சியில் ஆறு படகுகள் தேறவில்லை. ஒன்றில் நங்கூரம் கனம், ஒன்றில் பாய்க்கயிறு என் கைக்கு எட்டவில்லை. என் உயரம் நாலடி பத்தங்குலம். ஏழாவதாக ஒரு படகு, இருபத்தெட்டு அடி நீளம். வெள்ளை உடம்பு, நீலக் கோடு. உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், ஒரு அடுப்பு, தலை இடிக்கும் ஒரு கக்கூஸ். அவர் பிணமான நாளில் முகத்தில் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு அச்சு அசலாகச் செத்துக் கிடந்தார். நான் சுக்கானைப் பிடித்தேன். படகு சாய்ந்து, வேகம் எடுத்து, தண்ணீர் பக்கவாட்டில் சளசளவென்று ஓடியது. யாருமே தள்ளாமல், எதுவுமே எரியாமல், என் கையால் ஒரு வீடு போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. பிணம் தொப்பியை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. சாயங்காலம் துறையில் நான் கட்டி முடித்ததும் எழுந்து உட்கார்ந்து, "நான் செத்தாலும் நீ பொழச்சுக்கிருவ" என்றார். அந்த ஒரு நாள் போதும் என்று அப்போது தோன்றியது. பிறகு யோசித்தால், எனக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்தான்.

முதலில் லட்சத்தீவு, பிறகு மாலத்தீவு, கை பழகினால் அந்தமான் என்று சுவரில் வரைபடம் ஒட்டினோம். ஆவணி கழிந்ததும் படகை முடிக்கிறோம் என்று சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தோம்.

நடுவில் வந்தது திருமங்கலத்தில் காதுகுத்து. அவருடைய அண்ணன் காசிமாயனின் பேரனுக்கு. அவரை நான் பெரிய மச்சான் என்பேன். பருத்தி வியாபாரம், நாலு பேருக்கு நல்லது செய்கிறவர், நாலு பேர் பார்க்காவிட்டால் எதுவும் செய்யாதவர். மண்டப வாசலில் பேரன் பிளெக்ஸுக்குப் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு பிளெக்ஸ் வைத்திருந்தார். 'கடலை ஆளப் புறப்படும் எங்கள் சிங்கமே' என்று எழுதி, பின்னால் ஏழு மாடி உல்லாசக் கப்பல் ஒன்றின் படம். என் வீட்டுக்காரர் வெள்ளை யூனிபாரத்தில். பக்கத்தில் நான் பட்டுச்சேலை கட்டி, வந்தவர்களுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு.

கறிச்சோறு பந்தி முடிந்து ஆண்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் பெண்கள் ஓரமாக வெற்றிலைத் தட்டைச் சுற்றி. பெரிய மச்சான் கேட்டார்.

"படகு எம்புட்டு நீளம்டா தம்பி?"

"இருபத்தெட்டு அடிண்ணே."

"இம்புட்டுத்தானா? நம்ம வைக்கோல் லாரி அதுக்கு மேல இருக்கும்டா."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அப்போது பங்காளி வகையில் தம்பி முறையான தமிழ்மாறன், வாயைக் கட்டிவைக்கத் தெரியாதவன், "அதை யாருண்ணே ஓட்டுவா?" என்றான்.

சத்தியமாக, என் வீட்டுக்காரர் 'ரெண்டு பேரும்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். அதற்குள் தமிழ்மாறன், "மதினி ஓட்ட, அண்ணே சோறு பொங்குவாரு போல" என்றான். மண்டபமே சிரித்தது. அவர் காது மடல் சிவந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். சபையில் புருஷனை விட்டுக் கொடுக்கக் கூடாது என்று எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்ததில்லை. எங்கள் பக்கம் அது சோற்றோடு சேர்ந்து உள்ளே போவது. நான் சத்தமாகவே சொன்னேன்.

"அவுகதான் ஓட்டுவாக. நான் சும்மா கூடப் போறேன்."

அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டுமே. தண்ணீரில் தத்தளித்தவனைத் தூக்கிப் படகில் போட்டது போல இருந்தது. எனக்கும் சந்தோஷம்தான். அது பொய் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், எங்கள் இரண்டு பேருக்குள்ளே இருக்கட்டும் என்று நினைத்தேன். பொய்யைச் சொன்னவளுக்கு ஞாபகம் இருந்தது. கேட்டவருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாக மறந்துபோனது.

திரும்பி வரும்போது கப்பலூர் டோல்கேட்டில் வரிசை. அவர் ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டுக்கொண்டே சொன்னார். "அண்ணே சொல்றதும் சரிதான் கிளி. கொஞ்சம் பெருசா இருந்தா நல்லாத்தான் இருக்கும். நாளைக்கு அண்ணே வந்தா ஒக்கார எடம் வேணாமா?"

இரண்டு பேர் கடலுக்குப் போகும் படகில் அண்ணனுக்கு எதற்கு இடம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அவர் நல்ல மனநிலையில் இருக்கிறார், கெடுக்க வேண்டாம் என்று விட்டேன். அதுவும் என் தப்புத்தான்.

மூன்று வாரம் கழித்து அண்ணனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கொச்சிக்குப் போனார். முன்பணம் கொடுக்கத்தான் போகிறார் என்று நான் இருக்க, வீடியோ காலில் வேறு ஒரு படகைக் காட்டினார்கள். நாற்பத்திரண்டு அடி. மூன்று படுக்கையறை, ஏசி, பெரிய பிரிட்ஜ். பெரிய மச்சான் திரைக்குள் முகத்தைக் கொண்டுவந்து, "என்ன தாயி, வீடு மாதிரி இருக்குல்ல? முடிச்சாச்சு" என்றார்.

"செத்த நாள் பாத்தீகளா?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

பெரிய மச்சான் பதறிப்போய், "நல்ல காரியம் நடக்கும்போது என்ன பேச்சு தாயி இது" என்றார். என் வீட்டுக்காரர் போனைத் திருப்பி ஏசியைக் காட்டினார்.

அடுத்த வாரம் நான் போனேன். அந்தப் படகில் என்னால் எதுவும் முடியவில்லை. பாய் அந்த இருபத்தெட்டு அடிப் படகின் பாயைப் போல இரண்டு மடங்கு. சக்கரத்துக்குப் பின்னால் நின்றால் எனக்கு முன்பக்கம் தெரியவில்லை, பிளாஸ்டிக் முக்காலி போட்டு ஏற வேண்டியிருந்தது. "எல்லாத்துக்கும் பட்டன் இருக்கு கிளி, அமுக்குனா போதும்" என்றார். இன்ஜின் அறையிலிருந்து வந்தவருக்குப் பட்டன் மேல் இருந்த பக்தி சாமி மேல் கூட இல்லை. அப்படியானால் பிணமாக உட்காருங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். தொப்பியை முகத்தில் போடவில்லை.

துறைமுக வாயைத் தாண்டி வெளியே வந்ததும், பழைய தேங்காயைப் பையிலிருந்து எடுத்து நானே வீசினேன். எப்போதும் மற்றவர்தான் வீச வேண்டும், அவர் வீசுவார் என்று தோன்றவில்லை. திருப்பினேன். படகு திரும்புவதற்குள் தேங்காய் வெகுதூரம் போயிருந்தது. பாயை இறக்கப் பட்டனை அழுத்தினேன். மோட்டார் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு நின்றது. கையால் சுற்ற என் உடம்பில் பலம் இல்லை. பாய் பாதியில் படபடவென்று அடித்துக்கொண்டது. முதல் சுற்றில் அதைத் தாண்டிப் போனேன். இரண்டாம் சுற்றில் கிட்டவே போக முடியவில்லை. மூன்றாம் சுற்றில் சிவப்புத் துணி ஒரு அலைமேல் தெரிந்தது, அடுத்த அலைமேல் தெரியவில்லை. அவர் எழுந்து வந்து என்னை விலக்கிவிட்டு இன்ஜினைப் போட்டார்.

"போதும் கிளி. தேங்காய்தானே."

"அது நீங்க" என்றேன்.

"நான் எதுக்கு விழுறேன்?"

"நான் விழுந்தா?"

"நீ உள்ளதானே இருப்ப."

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்தப் படகில் எனக்கு ஒரு இடம் ஒதுக்கியாகிவிட்டது. பிரிட்ஜுக்கு எதிரே, அடுப்புக்குப் பக்கத்தில். இருபத்தெட்டு வருடம் கரையில் காத்திருந்தவளை இனிமேல் கடலிலேயே காத்திருக்கச் சொல்கிறார். நான் இந்தப் படகில் வரமாட்டேன் என்றேன். நாம் போட்ட விதி என்ன, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா, ரெண்டு பேரும் ஓட்டுவோம் என்று சொன்னது யார் என்று எல்லாம் கேட்டேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்குச் சபையில நீதானே சொன்ன? நான் ஓட்டுவேன், நீ சும்மா கூட வாரேன்னு. அதை வச்சுத்தானே வாங்குனேன்."

அவர் நடிக்கவில்லை. நடித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

ஊருக்கு வந்து இருபத்தெட்டு அடிக்காரருக்குப் போன் போட்டேன். விற்றுவிட்டது என்றார். நாகர்கோவில் பக்கம் ஒரு ஜோடி வாங்கிப் போயிற்றாம். "அந்த அம்மாவும் உங்களை மாதிரியே தனியாகக் கொண்டுவந்து கட்டினார்கள்" என்று நல்ல மனசோடு சொன்னார்.

அவர் லட்சத்தீவுக்குப் போனார். அண்ணன் மகன் பாண்டிராஜும், சம்பளத்துக்கு அமர்த்திய கொச்சி ஆட்கள் இரண்டு பேரும் கூட. போகும் முன், "நீ வராட்டி சாப்பாட்டுக்கு என்ன செய்யுறது?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் இட்லிப்பொடி அரைத்துக் கொடுத்தேன். பக்கத்து வீட்டில் ஏன் போகவில்லை என்று கேட்டதற்கு, கடல் எனக்கு ஒத்துக்காது என்றேன். பழகிய வாய் அதுவாகவே சொன்னது.

பதினொரு நாளில் திரும்பி வந்தார். பெரிய மச்சான் திருமங்கலத்தில் வீட்டு மாடியில் ஷாமியானா போட்டுச் சொந்தபந்தத்தைக் கூட்டிப் பொன்னாடை போர்த்தினார். பெரிய டிவியைக் கொண்டுவந்து வைத்து, பாண்டிராஜ் எடுத்த வீடியோவைப் போட்டார்கள். நீலக் கடல், டால்பின், தென்னை மரங்கள் எல்லாம் வந்தன. சக்கரத்தைப் பிடித்திருந்தது ஒவ்வொரு தடவையும் கொச்சிக்காரர்தான். ஒரு காட்சியில் என் வீட்டுக்காரர் மெத்தையில் படுத்திருந்தார். இன்னொன்றில் பக்கத்தில் வாளி வைத்துப் படுத்திருந்தார். இன்னொன்றில் வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரும்புக் கப்பலின் அடிவயிறு வேறு, பாய்மரப் படகின் ஆட்டம் வேறு.

தமிழ்மாறன்தான் மறுபடியும். "அண்ணே, வீடியோ பூராம் அந்த ஆளுதான் ஸ்டியரிங் பிடிச்சிருக்காரு. நீங்க எப்பண்ணே ஓட்டுனீக?"

சிரிப்பு ஒரு மூலையில் ஆரம்பித்து ஷாமியானா முழுக்கப் பரவியது. பெரிய மச்சான் கூடச் சிரித்துவிட்டார். அவர் பொன்னாடையோடு நின்றார். காது மடல் சிவந்தது. பிறகு கூட்டத்துக்குள் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார்.

என்னிடம் பதில் இருந்தது. அவர் கேட்பதற்கு முன்பே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. 'ராத்திரி பூராம் முழிச்சு அவுகதான் ஓட்டுனாக. பகல்ல தூங்க வேணாமா?' கடலில் முறை மாற்றி ஓட்டுவது இங்கே யாருக்குத் தெரியும்? தமிழ்மாறன் வாயை அடைக்க அது போதும். இதைச் சொன்னால் அவர் கரை சேர்ந்துவிடுவார்.

விழுந்தவர் மேலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. நான் எடுக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் அந்தச் சிரிப்புக்கு மேலே வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது. என் ஓரகத்தி சீனியம்மாள் முழங்கையால் இடித்து, "ஏதாச்சும் சொல்லேன்டி" என்றாள். நான் மடியில் இருந்த தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துக் காம்பைக் கிள்ளினேன்.

யாரோ வீடியோவை நிறுத்திவிட்டுப் பாட்டுப் போட்டார்கள். அப்படியே முடிந்தது.

அன்றும் கப்பலூர் டோல்கேட்டில் வரிசை. வரிசையில் நிற்கும்போது முன்பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல கிளி."

"நான் சும்மா கூட வாரவதானே" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது எல்லாம் ஞாபகம் வந்திருந்தது. மண்டபம், நான் சொன்ன பொய், தொப்பிக்கு அடியிலிருந்து பார்த்த நாள், எல்லாம். எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரன் அடித்தான். அவர் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார்.